போட்டியாளர்கள் கூடும் மேசை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறும்போது செயலாளர் என் காதில் ஒரு விஷயம் சொன்னார். "அண்ணே, இருபது நிமிஷம்தான். பந்தி தயாரா இருக்கு." சாம்பார் ஆறுகிற பாவம் எனக்கு வேண்டாம். சுருக்கமாகவே பேசுகிறேன்.

நான் இங்கே எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து வெளியேறி ஏறக்குறைய 32 ஆண்டுகள் ஆகின்றன. என் தொழில் என்ன என்று கேட்பவர்களிடம் "சிப் செய்கிற தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் சப்ளை செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு" என்று சொல்வேன். கேட்டவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. என் அம்மா கடைசிவரை பக்கத்து வீட்டில் "பையன் ஆசிட் கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொல்லிவந்தார். அதுவும் தவறில்லை.

அந்த ஆசிட் கம்பெனிகள் தங்களுக்குள் எப்படிப் பழகுகின்றன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்க்கும் கம்பெனிகள் சில விஷயங்களில் மட்டும் ஏன் ஒரே மேசையில் வந்து உட்காருகின்றன? எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. பெருமைப்படும்படியான கதை அல்ல. இருந்தாலும் மாணவர்கள் கேட்க வேண்டியது என்பதால் சொல்லத் துணிகிறேன்.

முதலில் சுத்தம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் தகட்டில் சிப் உருவாக்கும்போது அதைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருக்கிறது. அமோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் அங்கே தேவை. பெயரைக் கேட்டால் நம் லேப் அலமாரி ஞாபகம் வரும். ஆனால் நம் அலமாரியில் இருந்த பாட்டிலை அங்கே கொண்டுபோனால் வாசல் காவலாளிகூட உள்ளே விடமாட்டார். அவர்கள் கேட்கும் சுத்தம் அப்படி. ஒரு உலோகத்தின் அளவு 100 கோடியில் ஒரு பங்கு, பல இடங்களில் அதற்கும் கீழே. 100 கோடி விநாடி என்பது சுமார் 32 ஆண்டுகள். நான் இந்தக் கல்லூரி வாசலைத் தாண்டிப் போனதிலிருந்து இன்றுவரை ஓடிய காலத்தில் ஒரே ஒரு விநாடி எங்கோ தப்பாக ஓடியிருக்கிறது, அதைக் கண்டுபிடி என்கிறார்கள். இன்றைய நவீன சிப்புகளுக்கு அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போய்விட்டார்கள்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விரல் நுனி வியர்வையில் இருக்கும் அதே சோடியம்தான். டிரான்சிஸ்டரின் ஆக்சைடு படலத்துக்குள் அது புகுந்துவிட்டால் மின்புலத்தில் இங்கும் அங்கும் நகரும். அதனால் டிரான்சிஸ்டர் எந்த வோல்டேஜில் திறக்க வேண்டுமோ அது மாறிப்போகும். இன்று சரியாக வேலை செய்யும் சிப் நாளை செய்யாது.

இந்தச் சுத்தத்தை ஒரு கம்பெனி தனியாகக் காப்பாற்றிவிட முடியாது. எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணமாக நான் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1986ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்த நினைவகச் சிப்புகளில் பிழைகள் திடீரென்று கூடின. அதே வடிவமைப்பில் ஐரோப்பாவில் செய்த சிப்புகளில் தொல்லை இல்லை. அமெரிக்கச் சிப்பை ஐரோப்பிய உறையில் போட்டுப் பார்த்தார்கள். பிழை சிப்போடு போனது. கடைசியில் அந்தச் சிப்புகளில் பொலோனியம் 210 என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பது தெரிந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தொழிற்சாலை முழுக்கத் தேடி, ஒருவழியாக ஒரு நைட்ரிக் அமில பாட்டிலில் வந்து நின்றார்கள்.

அமிலத்தில் குற்றமில்லை. அமிலம் சப்ளை செய்த இடத்தில் காலி பாட்டில்களைக் கழுவும் இயந்திரம் ஒன்று. கழுவிய பாட்டிலுக்குள் ஒட்டியிருக்கும் தூசியை ஊதி எடுக்க, காற்றை அயனியாக்கிச் செலுத்துவார்கள். அந்த அயனியாக்கிக்குள் பொலோனியத்தை வைத்து அடைத்திருப்பார்கள். அதை அடைக்கும் எப்பாக்சி பசையின் வகையை எங்கோ யாரோ மாற்றியிருக்கிறார். பசை கசிந்தது. எப்போதாவது ஒரு பாட்டிலில் மட்டும் அது விழுந்தது. எத்தனை கை மாறி வந்திருக்கிறது பாருங்கள்! பசையை மாற்றியவருக்கு பாட்டில் தெரியாது. பாட்டில் கழுவியவருக்கு சிப் தெரியாது. சிப் செய்தவருக்கு பசை தெரியாது. ஐ.பி.எம். விஞ்ஞானிகள் 1996ல் தங்கள் ஆய்விதழில் இந்தக் கதையை முழுவதுமாக எழுதி வெளியிட்டார்கள். தங்கள் வீட்டுச் சங்கதியை ஊருக்குச் சொன்னது பெரிய மனது. அதனால் எத்தனையோ பேர் தங்கள் பாட்டில் கழுவும் இடத்தைப் போய்ப் பார்த்திருப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1994ல் நான் சிங்கப்பூர் போனேன். ஆங் மோ கியோவிலும் உட்லண்ட்ஸிலும் சிப் தொழிற்சாலைகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஒரு நடுத்தர ரசாயனக் கம்பெனியில் வேலை. கம்பெனியின் பெயர் வேண்டாம். என் பொறுப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் உலோகங்களை அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போடுவது.

1997ல் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. எங்கள் சான்றிதழ் சோடியம் 3 என்கிறது, அவர்கள் லேபில் 18 வருகிறது. 100 கோடியில் 3 பங்குக்கும் 18 பங்குக்கும் நடந்த சண்டை அது. எனக்குக் கோபம்தான் வந்தது. "அவங்க ஆளுங்களுக்கு அளக்கத் தெரியலை சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் மலேசியத் தமிழர், பொறுமைசாலி. "அப்படியா, சரி" என்றார்.

அந்த வாரமே சப்ளையர்களின் தொழில்நுட்பக் கூட்டம் ஒன்று இருந்தது. எங்கள் போட்டிக் கம்பெனியின் மூத்த வேதியியலர் ஒருவர் எழுந்து சொன்னார்: எங்களுக்கும் இதே புகார் வருகிறது. யார் சரி என்று வாதாடுவானேன்? ஒரே டிரம்மிலிருந்து 7 பாட்டில் எடுப்போம். 7 லேபுக்கும் அனுப்புவோம். எது எந்த டிரம் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்தில் எல்லா அளவையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம்.

எங்களுக்கு வந்த பாட்டிலை நான் ஒன்றுக்கு மூன்று முறை கவனமாக அளந்தேன். அன்று இரவு, பிளாங்க் செய்வதற்கான நீர்த்த அமிலம் தீர்ந்துவிட்டது. மாதிரிக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டில் அமிலத்தையே எடுத்து பிளாங்க்குக்கும் போட்டேன். கருவி காட்டிய எண்ணைப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாதிரியை அளக்கும்போது நாம் சேர்க்கும் அமிலத்திலும் கொஞ்சம் அழுக்கு இருக்கும். அதனால் மாதிரி இல்லாமல் அமிலத்தை மட்டும் தனியாக அளந்து, அந்த எண்ணைக் கழித்துவிடுவோம். இதுதான் பிளாங்க். நான் என்ன செய்திருந்தேன்? மாதிரிக்குரிய அமிலம் பிளாஸ்டிக் பாட்டிலில். பிளாங்க்குக்குரிய அமிலம் மட்டும், காலேஜ் பழக்கத்தில், கண்ணாடி பாட்டிலில். கண்ணாடியிலிருந்து சோடியம் கரைந்து வரும் என்பது பி.எஸ்ஸி. மாணவனுக்கே தெரியும். பிளாங்க் எகிறியிருந்தது. எகிறிய எண்ணை நான் ஒவ்வொரு நாளும் மாதிரியிலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். சரக்கிலிருந்த சோடியம் என் கணக்கில் காணாமல் போனது. உண்மை அளவு 18தான். அவர்களுக்கு அளக்கத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

உடனே மேனேஜரிடம் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாதி அப்படியே இருந்தது. வேலை போனால் விசா போகும், ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்த இரண்டு நாளில் இரண்டு லோடு சரக்கு வெளியே போனது. இரண்டுக்கும் சான்றிதழில் என் கையெழுத்து. அந்த ஆல்கஹாலில் கழுவிய தகடுகள் என்னவாயின என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டு லோடுதான் எனக்கு ஞாபகம் வரும். அதற்குப் பிறகு கிடைத்த பதவி உயர்வெல்லாம் அப்புறம்தான்.

மூன்றாம் நாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "கருவி கோளாறுன்னு எழுதிடலாம், யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு அவரே, "ஆனா உனக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. லோடை நிறுத்து. கூட்டத்துல நீயே எழுந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். 7 லேப் அளவுகளையும் தாளில் எழுதியிருந்தார்கள். 4 லேப் ஒரு பக்கம், 3 லேப் ஒரு பக்கம் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நான் எழுந்து, "எங்கள் பழைய முறைப்படி அளந்தால் நாங்களும் அந்தக் குறைந்த கூட்டத்தில் இருப்போம். காரணம் என் பிளாங்க் பாட்டில்" என்றேன். அறையில் சத்தமே இல்லை. அந்த மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன பாட்டில்?" சொன்னேன். குறித்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் எங்கள் சரக்கை மூன்று மாதம் நிறுத்திவைத்தார். கம்பெனிக்கு நஷ்டம். எனக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை. சரக்கில் சோடியம் எப்படி வந்தது என்று தோண்டியதில், டிரம் நிரப்பும் இடத்தில் ஒரு கேஸ்கெட்டை யாரோ மாற்றியிருந்தது தெரிந்தது. ஐ.பி.எம். கதையில் வந்த பசை மாதிரிதான்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் போட்டிக் கம்பெனி மூத்தவர்தான். "உன் பாட்டிலைப் போலவே என் லேபிலும் ஒன்று இருந்தது. பதினோரு வருஷமாக இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன்" என்றார். அடுத்த கூட்டத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அளக்கும் முறையைத் திருத்தி எழுதினோம். பிளாங்க் எண்ணைக் கழித்து மறைக்காமல் சான்றிதழிலேயே தனியாகக் காட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்த வரி என் இரண்டு லோடுக்கு நான் கட்டிய அபராதம்.

நண்பர்களே, எங்கள் தொழிலில் ஒத்துழைப்பு என்றால் இதுதான். மேடையில் கைகுலுக்கிப் போட்டோ எடுப்பதும் நடக்கும்; அது வேறு. அளவுகோலைப் பொதுவாக்குவது, தவறைச் சொல்வது, மாற்றத்தை முன்கூட்டித் தெரிவிப்பது, இந்த மூன்றும்தான் உயிர். சிப் தொழிலுக்குக் கருவியும் பொருளும் தரும் கம்பெனிகள் 1970ல் கலிபோர்னியாவில் 'செமி' என்ற சங்கத்தைத் தொடங்கின. 1973ல் தரநிர்ணய வேலையில் இறங்கினார்கள். அதற்கு முன் சிலிக்கான் தகட்டின் அளவுகளை ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் இஷ்டத்துக்குக் கேட்பார். பிறகு தகடு, ரசாயனம், வாயு, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பொதுவான வரையறை வந்தது. ஒரே வாடிக்கையாளரை அடைய அடித்துக்கொள்ளும் கம்பெனிகளின் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதியவை அவை.

வாயுக்களில் இது உயிர்ப் பிரச்சினை. ஆர்சீன், பாஸ்பீன் இரண்டும் கொடிய விஷம். சைலேன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக் கூடியது. அதனால் ஒரு வாயு சிலிண்டரின் வாயில் அதனோடு சேரக்கூடாத வாயுவின் இணைப்பு பொருந்தாதபடி வடிவங்களைப் பொதுவாக வகுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் ஒரே விதி. இதில் ஒருவர் மட்டும் "என் வழி தனி வழி" என்று போனால் இழவு வீடு அடுத்தவருடையதாக இருக்கும். 1984 போபாலுக்குப் பிறகு, இந்தியனாகப் பிறந்த எந்த வேதியியலருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. போட்டியாளர்கள் கூடினால் விலை பேசிக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு தாளை எடுத்து வாசிப்பார்கள்: விலை பேசக் கூடாது, யார் யாருக்கு விற்பது என்று பங்கு போடக் கூடாது. நம்ம ஊர் கூட்டத்தில் இறைவணக்கம் மாதிரி அது. தயாரிப்பு ரகசியங்களும் மேசைக்கு வராது. நான் எப்படிச் சுத்திகரிக்கிறேன் என்பது என் வித்தை. சுத்தமாக இருக்கிறதா என்று அளப்பது எல்லோருக்கும் பொது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் இன்றுவரை சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.

ஒரே இடத்தை எல்லோரும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 1993 ஜூலை 4 அன்று ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. சிப்பை மூடும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு வேண்டிய எப்பாக்சி பிசினில் உலகத் தேவையின் சுமார் 60 சதவீதம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. நினைவகச் சிப்புகளின் விலை விர்ரென்று ஏறியது. 2019 ஜனவரியில் தைவானின் டி.எஸ்.எம்.சி. தொழிற்சாலை ஒன்றில், சப்ளையர் தந்த ஃபோட்டோரெசிஸ்ட்டில் வேண்டாத பாலிமர் ஒன்று உருவாகி, தகடுகளைக் கழித்துப்போட வேண்டியதாயிற்று. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 55 கோடி டாலர் குறையும் என்று கம்பெனியே அறிவித்தது. வந்தது ஒரே ஒரு பேட்ச்!

நியான் கதை வேறு மாதிரி. சிப்பில் வரைபடம் பதிக்கும் லேசருக்கு நியான் வேண்டும். காற்றில் 10 லட்சம் பங்கில் அது 18 பங்குதான். இரும்பு ஆலைகளுக்கு ஆக்சிஜன் பிரிக்கும் பெரிய நிலையங்களில் உபபொருளாகக் கிடைக்கிறது. உலகில் சிப் தொழிலுக்கான நியானில் ஏறக்குறைய பாதி, உக்ரைனில் மரியுபோல், ஒடெசா ஆகிய இரண்டு ஊர்களின் கம்பெனிகளில் சுத்திகரிக்கப்பட்டது. 2022ல் போர் வந்தபோது இரண்டும் நின்றன. உலகமே நின்றுவிடும் என்று பயந்தார்கள். நிற்கவில்லை. 2014ல் கிரிமியா சம்பவத்தை ஒட்டி நியான் விலை எகிறியபோதே பாடம் கற்று, லேசர் செய்வோரும் வாயு விற்போரும் சிப் செய்வோரும் நியானைக் குறைவாகச் செலவிடவும், மறுசுழற்சி செய்யவும், வேறு இடங்களில் வாங்கவும் வழி தேடியிருந்தார்கள். அடிபட்டபோது பேசிக்கொண்டவர்கள், அடுத்த அடியில் தப்பினார்கள்.

தம்பி தங்கைகளே, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப்புடன் சேர்ந்து அமைக்கும் சிப் தொழிற்சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், நான் சொன்ன அந்த 'செமி' சங்கம் கிரேட்டர் நொய்டாவில் கண்காட்சி நடத்தியது. ஃபேப் வந்தால் அதன் பின்னாலேயே அமிலமும் வாயுவும் வர வேண்டும். அவற்றை அளக்க ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவனுக்குத்தான் சிப் என்று நினைக்காதீர்கள். வேதியியல் படித்த பிள்ளைக்கு அங்கே நாற்காலி இருக்கிறது. கருவியை இயக்க அங்கே கற்றுத் தருவார்கள். கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதும் பழக்கத்தை இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பழக்கம் எனக்கு இங்கே வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் லேபில் டைட்ரேஷன் நாள் எப்படி இருக்கும் என்று என் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். முதல் ரீடிங் 19.6, இரண்டாவது 20.3. உடனே பக்கத்து டேபிளுக்குத் திரும்பி, "டேய், உனக்கு எவ்வளவுடா?" மூன்றாவது ரீடிங் சமையல். நானும் சமைத்திருக்கிறேன். என் அருகில் நின்று பார்த்த பேராசிரியர் ஒருவர், அவர் பெயரை நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், திட்டவில்லை. "தம்பி, ப்யூரெட் என்ன சொல்லுதோ அதை எழுது. ஒத்து வரலேன்னா ஏன் வரலேன்னு எழுது. அதுக்குத்தான் மார்க்" என்றார். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. 1997ல், ஏழு கம்பெனிக்காரர்கள் முன்னால் எழுந்து நின்றபோது புரிந்தது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை வேதியியல் லேபைச் சுற்றிப் பார்க்க நம்மை அழைத்திருக்கிறார்கள். நான் போவேன். அந்த அலமாரியில் பிளாங்க்குக்கு என்ன பாட்டில் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கண்ணாடியாக இருந்தால், துறைத்தலைவர் மன்னிக்க வேண்டும், ஒரு டஜன் பிளாஸ்டிக் பாட்டில் என் செலவு. அதோடு, மாணவர்களே, அடுத்த வாரம் உங்கள் ரீடிங் பக்கத்து டேபிளோடு ஒத்துவரவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். மாற்றி எழுதுவதற்காக வேண்டாம், ஏன் ஒத்துவரவில்லை என்று தேடுவதற்காக.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.